வில்லியம் கிரகாம் மெக்ஐவர்: தோட்டக்காரராக வந்து அரசு அதிகாரியானவர்

வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்பவர் நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில் உள்ள அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர். சென்னை மாகாண அரசின் சின்கோனாத் தோட்டங்களுக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். ஸ்காட்லாந்துக்காரர். இலண்டன் அருகே உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் தோட்டப் பணியாளராக இருந்து, 1848-ஆம் ஆண்டு ஊட்டிக்கு வந்தார். அதன் பின் 1876-இல் இறக்கும் வரை இந்த மலையிலேயே பணிபுரிந்தார். இன்று 'மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து கொய்னா' என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்து விடுகிறோம். அந்தக் கொய்னா மரம் இந்திய மண்ணில் வேரூன்றியதில் இவருடைய பங்கு மிகப் பெரியது. ஆனால் பூங்காவுக்குச் சென்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இவர் பெயர் தெரியாது. நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது மாணவர்களைப் பலமுறை அங்கே சுற்றுலா அழைத்துச் சென்றிருக்கிறேன். "சார், இந்தப் பூங்காவைக் கட்டியது யார்?" என்று ஒரு மாணவன் கேட்டபோது "வெள்ளைக்காரர்கள்" என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அந்தப் பதிலின் குறையை ஈடு செய்யவே இந்தக் கட்டுரை.

ஊட்டிக்கு வருமுன்

மெக்ஐவர் கல்லூரியில் தாவரவியல் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். அந்தக் காலத்தில் தோட்டக்கலை என்பது கைத்தொழிலாகவே கருதப்பட்டது. தச்சர், கொல்லர் போலத் தோட்டக்காரரும் ஒரு மூத்தவரிடம் வேலை பழகித்தான் முன்னேற வேண்டும். கியூ பூங்கா அத்தகைய பயிற்சிக்கு உலகிலேயே சிறந்த இடமாக இருந்தது. சர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1841 முதல் அதன் இயக்குநராக இருந்தார். பிரிட்டிஷ் ஆட்சி பரவிய நாடுகளில் எல்லாம் புதிதாகத் தொடங்கப்பட்ட பூங்காக்களுக்கு ஆட்களை அனுப்பும் இடமாகவும் கியூ இருந்தது.

கைத்தொழிலாளி என்பதால் படிப்பறிவு குறைந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டில், 1847-இல், பிரிட்டனில் காணப்படும் ஈரல் வடிவத் தாவரங்களைச் சேகரித்து, உலர்த்தி, பெயரிட்டு ஒரு சிறு தொகுப்பாக மெக்ஐவர் வெளியிட்டார். பாறையிலும் ஈரமான மரப்பட்டையிலும் ஒட்டி வளரும் சிறு தாவரங்கள் இவை. பாசிகளுக்கு நெருங்கிய உறவினங்கள். பிரையோஃபைட்டுகள் என்று மேல்நிலை வகுப்பில் படிக்கிறோமே, அந்தப் பிரிவைச் சேர்ந்தவை. ஒரு தோட்டப் பணியாளர் இவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்திருக்கிறார் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் ஒரு செய்திக்கு இது உதவும்.

சேற்று நிலத்தில் ஒரு பூங்கா

நீலகிரியில் ஆங்கிலேயர் குடியேற்றம் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனுடன் தொடங்குகிறது. அவர் 1819-இல் மலை ஏறினார். 1820-களில் ஊட்டியில் வீடு கட்டினார், ஏரியை அமைத்தார், உருளைக்கிழங்கு உள்ளிட்ட ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் ஊட்டியில் ஐரோப்பியக் குடும்பங்கள் பெருகின. அவர்களுக்குக் காய்கறி வேண்டியிருந்தது. 1845 வாக்கில் சிலர் ஒன்று சேர்ந்து, மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். அது நெடுநாள் நீடிக்கவில்லை. முட்டைகோஸும் கேரட்டும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்ற ஆசைதான் இன்று உலகப் புகழ் பெற்ற பூங்காவுக்கு முதல் விதை என்பது சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் உண்மை அதுவே.

அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் ட்வீட்டேல் பிரபு. அவருடைய ஆதரவில் 1847-இல் ஒரு குழு அமைக்கப்பட்டு, பொதுப் பூங்கா ஒன்றை ஏற்படுத்த முடிவு செய்யப்பட்டது. அதை அமைக்கத் தகுந்த ஆள் வேண்டும் என்று கேட்டதற்குக் கியூ அனுப்பிய ஆள்தான் மெக்ஐவர். வந்தபோது அவருக்கு வயது இருபதுகளில்.

அவரிடம் கொடுக்கப்பட்ட இடம் தொட்டபெட்டா மலையின் சரிவு. மேல்பகுதி அடர்ந்த காடு. கீழ்ப்பகுதி சதுப்பு நிலம். மழைக்காலத்தில் மேலிருந்து வரும் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு கீழே இறங்கிச் சேறாகத் தேங்கும். மெக்ஐவர் முதலில் தண்ணீருக்கு வழி செய்தார், வடிகால்கள் வெட்டினார், சரிவை அடுக்கடுக்காகத் தட்டையாக்கினார், வளைந்து செல்லும் பாதைகளை அமைத்தார். பிறகே செடிகள். வேலை முடிய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. இன்று 22 ஹெக்டேர் பரப்பில் விரியும் பூங்காவில் நாம் ஏறி இறங்கும் பாதைகளுக்கும் அடுக்குகளுக்கும் அடிப்படை அவர் போட்டதுதான். கண்ணாடி மாளிகையும் இத்தாலியத் தோட்டமும் பிற்காலத்தவை. மே மாதத்து மலர்க் கண்காட்சி 1896-இல்தான் தொடங்கியது.

பூங்காவின் மேல் எல்லையில் தோடர் மந்து ஒன்று இன்றும் உள்ளது. பூங்கா வருவதற்கு முன்பே அந்த மக்கள் அங்கே இருந்தவர்கள் என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

கொய்னா ஏன் தேவைப்பட்டது

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் வளரும் மரம் சின்கோனா. அதன் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பது பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லத்தியேவும் கவென்தூவும் பட்டையிலிருந்து குயினின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நம் ஊரில் அதையே கொய்னா என்றார்கள்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். அதற்கு முன் சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே காரணம் என்று நம்பினார்கள். காரணம் தவறு, மருந்து சரி. இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் காய்ச்சலுக்கு இரையானவர் எண்ணிக்கை மிக அதிகம். நீலகிரியின் உச்சியில் காய்ச்சல் இல்லை. ஆனால் அடிவாரத்திலும் வயநாட்டுப் பக்கத்திலும் அது கடுமையாக இருந்தது. மேட்டுப்பாளையம் வழியாக வந்து போனவர்கள் அடிவாரத்தில் இரவு தங்க அஞ்சினார்கள். பிரிட்டிஷ் அரசுக்கோ தன் படைவீரர்களைப் பற்றிய கவலை. கொய்னாவுக்காக அது செலவழித்த பணம் பெருந்தொகை. பட்டையோ தென் அமெரிக்க நாடுகளின் கையில் இருந்தது. அங்கே மரங்கள் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டு வந்தன.

ஆகவே மரத்தையே இந்தியாவுக்குக் கொண்டு வந்துவிடுவது என்று 1859-இல் முடிவானது. பொறுப்பு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற அதிகாரிக்குக் கொடுக்கப்பட்டது. அவர் பெரு நாட்டுக்குச் சென்று கலிசாயா என்ற வகையின் நாற்றுகளைச் சேகரித்தார். பெரு, பொலிவியா நாடுகள் இதை விரும்பவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். தங்கள் நாட்டு மரத்தை வெளியே கடத்துவதாகவே அந்நாட்டவர் கருதினார்கள். அந்தக் கருத்தில் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல முடியாது. மார்க்கம் சேகரித்த நாற்றுகளைப் பசிபிக் பெருங்கடல் வழியாக நேரே இந்தியாவுக்கு அனுப்பக் கப்பல் கிடைக்கவில்லை. பனாமா, இங்கிலாந்து, செங்கடல் என்று உலகைச் சுற்றி வந்தன. செங்கடல் வெப்பத்தில் வாடின. 1860 அக்டோபரில் ஊட்டி வந்து சேர்ந்தவை பிழைக்கவில்லை.

பயன் தந்தது மற்றொரு முயற்சி. ஈக்வடார் நாட்டில் ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலாளர், உடல்நலம் கெட்டிருந்த நிலையிலும், சிவப்புப் பட்டை என்று அழைக்கப்படும் சக்கிருப்ரா வகையின் விதைகளையும் நாற்றுகளையும் சேகரித்தார். அவருக்கு உதவிய ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் நானூற்றுக்கும் மேற்பட்ட நாற்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, 1861 ஏப்ரலில் ஊட்டியில் உயிரோடு ஒப்படைத்தார். கிராஸும் மெக்ஐவரைப் போலவே கைவேலைக்காரர். வரலாற்று நூல்களில் மார்க்கத்தின் பெயரே பெரிதாக இருக்கும். நாற்று பிழைத்ததற்குக் காரணமானவர்கள் இந்த இரண்டு தோட்டக்காரர்களும்தான் என்பது என் கருத்து.

விதையும் நாற்றும்

சின்கோனா விதை மிகச் சிறியது. ஊதினால் பறந்துவிடும். முளைப்புத்திறனும் விரைவில் குறைந்துவிடும். மெக்ஐவர் கண்ணாடிக் கூரையிட்ட நாற்றங்கால்களை அமைத்தார். மண்ணுக்கு அடியிலிருந்து மிதமான சூடு கிடைக்கும்படி செய்தார். விதையை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு நாற்றிலிருந்தும் பதியன் போட்டார். துண்டுகள் வெட்டி வைத்தார். ஒரே ஒரு மொட்டு உள்ள சிறு துண்டிலிருந்துகூடப் புதுச் செடியை எழுப்பினார். நூற்றுக்கணக்கில் வந்த நாற்று ஆயிரக்கணக்கில் பெருகி, 1860-களின் இறுதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. 1863-இல் சின்கோனாவைப் பெருக்குவது, பயிரிடுவது பற்றிய தன் குறிப்புகளைச் சென்னையில் நூலாக வெளியிட்டார்.

எங்கே நடுவது என்பது அடுத்த கேள்வி. பூங்காவுக்குப் பின்புறம் தொட்டபெட்டாவில் ஓரிடத்தையும், கூடலூர் செல்லும் வழியில் உயரம் குறைந்த நடுவட்டத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். குளிரைத் தாங்கும் வகைகள் மேலே. சிவப்புப் பட்டை கீழே. பைக்காராவிலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத் தோட்டத்துக்கு ஆளுநர் டெனிசன் பெயரும், மற்றொன்றுக்குக் கியூ இயக்குநர் ஹூக்கர் பெயரும் வைக்கப்பட்டன.

இங்கே ஒரு முக்கியமான கருத்து வேறுபாடு எழுந்தது. சின்கோனா காட்டு மரம். ஆகவே காட்டு நிழலில்தான் வளர வேண்டும் என்று பலர் எண்ணினார்கள். டச்சுக்காரர்கள் ஜாவாத் தீவில் அப்படித்தான் நட்டிருந்தார்கள். மெக்ஐவர் இரண்டு விதமாகவும் நட்டுப் பார்த்தார். நிழலில் நட்டவை ஒல்லியாக உயர்ந்தன. வெட்டவெளியில் நட்டவை தடித்து வளர்ந்தன. முடிவு அவருக்குத் தெளிவாகிவிட்டது. அன்றிலிருந்து சோலைக்காட்டை முழுவதும் வெட்டித் திறந்த வெளியில் நடுவது வழக்கமானது. பயிருக்கு அது நல்லது. சோலைக்காட்டுக்கு அது நல்லதாக இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாசி கட்டும் முறை

மெக்ஐவரின் பெயரைத் தாவரவியல் நூல்களில் நிலைக்கச் செய்தது இந்த முறைதான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொய்னா இருப்பது மரத்தின் பட்டையில். பட்டை வேண்டுமானால் மரத்தை வெட்ட வேண்டும் என்பதே தென் அமெரிக்க வழக்கம். வெட்டினால் மீண்டும் வளர்ந்து பயன்தரப் பல ஆண்டுகள் ஆகும். மரத்தைக் கொல்லாமல் பட்டையை எடுக்க முடியுமா என்று மெக்ஐவர் சிந்தித்தார். மரத்தண்டில் ஒன்றரை அங்குல அகலத்தில் நீளவாக்கில் ஒரு கீற்றாகப் பட்டையை உரித்தார். அதற்குப் பக்கத்தில் அதே அகலத்துக்குப் பட்டையை விட்டுவிட்டு, அடுத்த கீற்றை உரித்தார். உரிக்கும்போது உள்ளே மரத்தின் மேல் படிந்திருக்கும் வழுவழுப்பான மெல்லிய படலத்தைக் கத்தி தொடக் கூடாது. புதுப் பட்டையை உண்டாக்குவது அந்தப் படலம்தான். பள்ளியில் காம்பியம் என்று படிக்கிறோம். உரித்த இடம் வெயிலில் காய்ந்துவிட்டால் படலம் செத்துவிடும். எனவே தண்டு முழுவதையும் ஈரப் பாசியால் சுற்றி நாரால் கட்டினார். சில மாதங்களில் உரித்த இடத்தில் புதுப் பட்டை மூடியது. அடுத்த முறை விட்டுவைத்த கீற்றுகளை உரிக்கலாம். இப்படி மாறி மாறி எடுத்துக்கொண்டே போகலாம்.

எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. பட்டை மாதிரிகளை இலண்டனில் இருந்த ஜான் எலியட் ஹோவர்டு என்ற கொய்னா வல்லுநருக்கு அனுப்பினார்கள். அவர் பகுத்துப் பார்த்தபோது, பாசிக்கு அடியில் புதிதாக வளர்ந்த பட்டையில் மருந்துப் பொருள் முன்பைவிட அதிகமாக இருந்தது. வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் பட்டையில் ஆல்கலாய்டு கூடுகிறது என்பது இதனால் புலப்பட்டது.

இளம் வயதில் பாறையிலும் பட்டையிலும் ஒட்டியிருக்கும் சிறு தாவரங்களைச் சேகரித்தவர், நாற்பது வயதை நெருங்கும்போது மரத்தின் காயத்துக்குப் பாசியால் கட்டுப் போடுகிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவர் எங்கும் எழுதியதாக நான் பார்த்ததில்லை. ஆனால் ஈரத்தை எந்தத் தாவரம் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்பது அவருக்குக் கைப்பாடமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இந்த முறை எல்லா இடத்திலும் வெற்றி பெறவில்லை. ஜாவாவிலும் வங்காளத்தின் டார்ஜிலிங் மலைத் தோட்டங்களிலும் முயன்றபோது பாசிக்குள் எறும்பு கூடு கட்டியது. புதுப் பட்டை பாழானது. நீலகிரியின் குளிரும் பாசி வளமும் இந்த முறைக்குத் துணை நின்றன என்று கொள்ளலாம்.

யார் உழைத்தார்கள்

மெக்ஐவர் தோட்டம் அமைத்தார் என்று எழுதும்போது, மண்வெட்டி பிடித்தவர்கள் யார் என்ற கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. கோவைச் சமவெளியிலிருந்தும் மைசூர்ப் பகுதியிலிருந்தும் வந்த கூலியாட்கள், மலையின் படகர்கள் எனப் பலர் வேலை செய்தார்கள். அவர்களோடு ஒரு விசித்திரமான கூட்டமும் இருந்தது. மலாக்கா நீரிணைப் பகுதிக் குடியேற்றங்களில் தண்டனை பெற்ற சீனக் கைதிகள் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே சிறை கட்டி, சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். அந்தச் சிறைக் கட்டடத்தை நடுவட்டத்தில் இன்றும் பார்க்கலாம்.

விடுதலையான பின் சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இக்குடும்பங்களைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். நீலகிரியில் தேயிலை பதப்படுத்தக் கற்றுக்கொடுத்தவர்கள் இந்தச் சீனர்களே என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. மலையில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைச் செவிவழிச் செய்தியாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். தோட்டங்கள் எழுந்த இடம் ஆளில்லாத காடு என்று அரசு ஆவணங்கள் பேசின. சோலைக்காடும் அதைச் சூழ்ந்த புல்வெளியும் தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம். சோலை என்பது விறகுக் காடு மட்டும் அன்று. மழைநீரைப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் ஓடையாக விடுவது அதன் வேலை. தோட்டத்துக்காகவும் விறகுக்காகவும் சோலை அழிய, அதை ஈடு செய்ய யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டார்கள். அதன் விளைவை நீலகிரி இன்னும் அனுபவித்து வருகிறது. இதற்கெல்லாம் மெக்ஐவர் ஒருவரைப் பொறுப்பாக்குவது சரியாகாது. ஆனால் வெட்டவெளியில் நடுவதே சிறந்தது என்று நிறுவியவர் அவர்.

தோட்டக்காரரும் வேதியியலாளரும்

1866-இல் சென்னை அரசு ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை நியமித்தது. கொய்னா ஆய்வாளர் என்பது பதவி. பட்டையைப் பகுத்தாய்வதும், பட்டையிலிருந்து மலிவான மருந்தை இங்கேயே தயாரிக்க வழி காண்பதும் அவருடைய கடமைகள். அவர் திறமையானவர். உயிருள்ள சின்கோனா மரங்களில் அவர் செய்த சோதனைகள் 1871-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின.

அவருக்கும் மெக்ஐவருக்கும் ஒத்துப்போகவில்லை. பாசி கட்டும் முறை நீண்ட காலத்துக்குப் பயன் தருமா, மரத்தை அடியோடு வெட்டி மறுதுளிர் விடச் செய்வது மேலல்லவா என்பது ஒரு சண்டை. பட்டையை என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய சண்டை. இதைப் புரிந்துகொள்ள இன்னொரு செய்தி தெரிய வேண்டும்.

சின்கோனாப் பட்டையில் குயினின் மட்டும் இல்லை. சின்கோனின், சின்கோனிடின், குயினிடின் என்ற மூன்று ஆல்கலாய்டுகளும் உண்டு. நீலகிரியில் செழித்து வளர்ந்த சிவப்புப் பட்டையில் குயினின் குறைவு, மற்றவை அதிகம். ஐரோப்பிய மருந்து ஆலைகள் குயினினுக்கு மட்டுமே நல்ல விலை கொடுத்தன. மற்றவை காய்ச்சலைக் குணப்படுத்துமா என்று பார்க்க அரசு ஒரு மருத்துவக் குழுவை அமைத்தது. 1860-களின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இந்த நான்கையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். நான்குமே ஏறத்தாழ ஒன்றுபோல் பயன் தந்தன. அதாவது, ஏழைகளுக்குத் தேவையான மருந்து நீலகிரிப் பட்டையிலேயே நிறைய இருந்தது. அதைத் தனித்தனியே தூய்மைப்படுத்தாமல், நான்கும் கலந்த பொடியாகவே மலிவாகக் கொடுக்கலாம்.

பிராட்டன் அத்தகைய கலவை மருந்தை ஊட்டியிலேயே தயாரித்தார். நோயாளிகளுக்கு அது பயன்பட்டது. ஆனால் கணக்குப் பார்த்தபோது இடித்தது. அதே பட்டையை இலண்டன் ஏலத்தில் விற்றால் கிடைக்கும் பணம், அதிலிருந்து செய்த மருந்தின் மதிப்பைவிட அதிகமாக இருந்தது. மெக்ஐவர் தோட்டத்தின் வருமானத்தைக் காட்டினார். தோட்டம் போட்ட முதலைத் திருப்பித் தந்தால்தான் அரசு மேலும் நிலம் கொடுக்கும் என்பது அவர் நிலை. பிராட்டனோ, தோட்டம் தொடங்கியதே மலிவு மருந்துக்காகத்தானே என்றார். அரசு மெக்ஐவர் பக்கம் சாய்ந்தது. 1870-களின் நடுவில் பிராட்டன் பதவியை விட்டு விலகினார். மருந்து தயாரிப்பு நின்றது. பட்டை கப்பலேறியது.

இந்தச் சண்டையில் ஒரு நுட்பமான விஷயமும் இருக்கிறது. பிராட்டன் படித்த விஞ்ஞானி. மெக்ஐவர் கையில் மண் ஒட்டிய தோட்டக்காரர். மரத்தைப் பற்றிய அறிவில் யார் சொல் எடுபட வேண்டும் என்ற போட்டியும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பாசி முறையைக் கண்டுபிடித்தது சோதனைச்சாலை அன்று, தோட்டம். அதனாலேயே மெக்ஐவர் மேல் எனக்கு ஒரு பரிவு உண்டு. ஆனால் பட்டையை விற்பதா, மருந்தாக்குவதா என்ற கேள்வியில் பிராட்டன் பக்கமே நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். தோட்டத்தைக் காப்பாற்றும் முனைப்பில், தோட்டம் யாருக்காக என்பதை மெக்ஐவர் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார். வேலையில் ஊறிப்போன நல்ல அதிகாரிகள் பலருக்கும் இது நேர்வதுண்டு.

மெக்ஐவர் 1876 ஜூன் 8 அன்று காலமானார். ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஊட்டியில் 28 ஆண்டுகள் பணிபுரிந்திருந்தார். அந்த ஆண்டுதான் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பட்டினியோடு காய்ச்சலும் சேர்ந்து கொன்றது. மலிவுக் கொய்னா அப்போது கிராமங்களில் கிடைக்கவில்லை.

அவருக்குப் பின்

1880-களில் கதை திசை மாறியது. இலங்கையில் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்துவிட்டதால் தோட்ட முதலாளிகள் சின்கோனாவுக்கு மாறினார்கள். நீலகிரியிலும் தனியார் பலர் நட்டிருந்தார்கள். சந்தையில் பட்டை குவிந்து விலை சரிந்தது. இன்னொரு பக்கம் டச்சுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர், மானுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி உதவியாளர் சேகரித்துத் தந்த விதைகளை 1865-இல் பிரிட்டிஷ் அரசுக்கு விற்க முயன்றபோது அரசு வாங்க மறுத்தது. டச்சு அரசு ஒரு பவுண்டு எடை விதையை வாங்கி ஜாவாவில் விதைத்தது. அதில் வளர்ந்த மரங்களின் பட்டையில் குயினின் பல மடங்கு அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகக் கொய்னாச் சந்தையின் பெரும்பகுதி ஜாவாவின் கையில் இருந்தது. மமானியோ, விதை கொடுத்த குற்றத்துக்காகப் பொலிவியாவில் அடிபட்டு இறந்தார்.

விலை சரிந்ததில் ஒரு நன்மை விளைந்தது. பட்டையை விற்பதில் இலாபம் இல்லை என்றானதும், அதை மருந்தாக்குவது பற்றி அரசு மீண்டும் யோசித்தது. ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த லாசன் 1883-இல் ஊட்டிக்கு அரசுத் தாவரவியலாளராகவும் சின்கோனாத் தோட்டங்களின் தலைவராகவும் வந்தார். 1884-இல் டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் சேர்ந்தார். நடுவட்டத்தில் அரசுக் கொய்னாத் தொழிற்சாலை எழுந்தது. பிராட்டன் கேட்டது அவர் போன பிறகு நடந்தது. 1892-இல் வங்காளத்தில் தபால் நிலையங்களிலேயே கொய்னாப் பொட்டலம் ஒரு பைசாவுக்கு விற்கத் தொடங்கினார்கள். சென்னை மாகாணத்திலும் அந்த முறை வந்தது. கிராமத்துத் தபால்காரர் கையில் கொய்னாப் பொட்டலம் இருந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது இந்தியத் தோட்டங்களுக்குத் திடீரென்று மதிப்பு கூடியது. போர் முடிந்ததும் செயற்கை மருந்துகள் வந்தன. கொய்னாவின் தேவை குறைந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் டான்டீ ஆனது. நடுவட்டத்திலும் ஆனைமலையிலும் சின்கோனா நின்ற சரிவுகளில் தேயிலை வந்தது. வால்பாறை அருகே ஓர் ஊருக்கு இன்றும் பெயர் சின்கோனா. அங்கே போகும் பேருந்தின் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

நடுவட்டத்துக்குச் செல்பவர்கள் சிறைக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, சுற்றிலும் உள்ள தேயிலைக்கு நடுவே ஆங்காங்கே எஞ்சி நிற்கும் பழைய சின்கோனா மரங்களையும் தேடிப் பார்க்கலாம். இலை பெரியதாக, எதிரெதிராக இருக்கும். முதிர்ந்த இலை சிவந்து உதிரும். பட்டையைச் சிறிது கிள்ளி நாக்கில் வைத்தால் கசப்பு நெடுநேரம் போகாது.